கசப்பு இனிப்பை முறிக்குமா?



சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் தாவரவியல் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். பூசணிக் குடும்பத்துத் தாவரங்களைப் பற்றிய பாடம். மணி அடிக்கும் நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, கசப்பு இனிப்பை முறிக்குமா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்தபின் அவனைத் தனியே அழைத்து விசாரித்தேன். அவனுடைய தாத்தாவுக்கு நீரிழிவு நோய். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, இரண்டு மாதங்களாக நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாறு குடித்து வருகிறார். "சர்க்கரைக்குக் கசப்பு பகை. கசப்பைக் குடித்தால் சர்க்கரை தானே ஓடிவிடும்" என்பது அவருடைய வாதம். இப்போது அவருடைய காலில் ஒரு சிறு புண். மூன்று வாரமாகியும் ஆறவில்லை.

"முதலில் தாத்தாவை இன்றே டாக்டரிடம் அழைத்துப் போ. உன் கேள்விக்கு விடையைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. ஒரே சொல்லில் விடை கூறக்கூடிய கேள்வியன்று அது. விடையைத் தேடிப் புறப்பட்டால் மூன்று இடங்களுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. ஒன்று பாகற்கொடி, மற்றொன்று நம் நாக்கு, மூன்றாவது நம் இரத்தம். நீங்களும் உடன் வாருங்கள்.

கொடியைப் பாருங்கள்

உங்கள் ஊரில் பாகற்கொடி ஏறிய வேலியோ பந்தலோ இல்லாமல் இராது. பூசணி, சுரை, புடல், பீர்க்கு, வெள்ளரி ஆகிய யாவும் பாகலின் நெருங்கிய உறவினர்கள். தாவரவியலார் இதனை மொமார்டிகா சரான்ஷியா என அழைக்கின்றனர். 1753ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் சூட்டிய பெயர் இது. கடித்தல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து மொமார்டிகா என்ற பெயர் பிறந்தது. முற்றிய பாகல் விதை ஒன்றை எடுத்து அதன் விளிம்பைக் கவனியுங்கள். யாரோ சுற்றிலும் கடித்து வைத்ததுபோல் இருக்கும்! பாகலின் மூதாதையர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை என்று மரபுப் பொருள் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆசிய நாடுகளில்தான் அது தோட்டப் பயிராகச் சிறந்தது. நம் சந்தையில் கிடைக்கும் நீண்ட பாகல், உருண்டையான சிறிய மிதிபாகல் ஆகிய இரண்டும் ஒரே இனத்தின் வகைகளே.

பாகற்கொடியில் பூக்கள் மஞ்சள் நிறமாக, ஐந்து இதழ்களோடு இருக்கும். எல்லாப் பூக்களும் ஒன்றுபோல் தோன்றினாலும் அவற்றுள் இருவகை உண்டு. இதழ்களுக்குக் கீழே மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் அது ஆண் பூ. இதழ்களுக்குக் கீழே விரல் நுனியளவு சொரசொரப்பான குட்டிப் பாகற்காய் ஒன்று இருந்தால் அது பெண் பூ. அக்குட்டிக் காய்தான் சூலகம். ஒரே கொடியில் இருவகைப் பூக்களும் உண்டு. ஆண் பூக்களே முதலில் தோன்றும், எண்ணிக்கையிலும் அவையே மிகுதி. அதிகாலையில் மலரும் பூவின் வாழ்நாள் ஒரே நாள்தான். அந்தச் சில மணி நேரத்திற்குள் தேனீ வந்து மகரந்தத்தைச் சேர்க்காவிட்டால் குட்டிக் காய் மஞ்சளித்து உதிர்ந்துவிடும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மறுநாள் மலரவிருக்கும் மூன்று பெண் மொட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். மாலையிலேயே இரண்டு மொட்டுகளுக்கு மெல்லிய துணிப் பையால் உறை கட்டுங்கள். மூன்றாவதைத் திறந்தே விடுங்கள். காலையில் உறையிட்ட பூக்களுள் ஒன்றை மட்டும் திறந்து, ஓர் ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தை மென்மையாகத் தடவிவிட்டு மீண்டும் உறையைக் கட்டுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மகரந்தம் தடவாமல் உறைக்குள் இருந்த பூ காய்க்காது. தடவிய பூவும், திறந்திருந்த பூவும் காய்க்க வாய்ப்பு உண்டு. முடிவை உறுதியாகச் சொல்ல வேண்டுமானால், ஒவ்வொரு வகையிலும் ஐந்தாறு பூக்களை வைத்துச் சோதியுங்கள்.

"ஒரு பூவுக்கு உறை கட்டினால் போதாதா? உறைக்குள் மகரந்தம் தடவிய இரண்டாவது பூ எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். அது இல்லாவிட்டால், காய்க்காததற்குக் காரணம் தேனீ வராததா அல்லது உறையின் வெப்பமும் புழுக்கமுமா என்று எப்படிச் சொல்வீர்கள்? உறை இரண்டுக்கும் பொது. மகரந்தம் மட்டுமே வேறுபாடு. ஆகவே காரணமும் மகரந்தமே. ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சமமாக வைத்து ஒப்பிடும் இம்முறையை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். தாத்தாவின் டம்ளருக்கு வரும்போது இது நமக்குத் தேவைப்படும்.

கசப்பு யாருக்காக?

பாகற்காயின் கசப்பு நமக்கு மருந்தாக வேண்டும் என்பதற்காக ஏற்பட்டதன்று. அது கொடியின் சொந்தப் பாதுகாப்பு. குக்குர்பிட்டேன் வகையைச் சேர்ந்த பல சேர்மங்கள் இக்கசப்பைத் தருகின்றன. முப்பது கார்பன் அணுக்களைக் கொண்ட அடிப்படைச் சட்டத்தின் மீது அமைந்தவை அவை. இவற்றுள் சிலவற்றுக்கு மொமார்டிகோசைடுகள் என்று பெயர்.

காய் பச்சையாக இருக்கும்போது உள்ளே விதைகள் முற்றியிருப்பதில்லை. அப்போது ஒரு விலங்கு காயைத் தின்றுவிட்டால் கொடியின் உழைப்பு வீண். ஆகவே பச்சைக் காய், "இன்னும் தயாராகவில்லை, தொடாதே" என்று கசப்பின் மூலம் அறிவிக்கிறது. காயைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டுப் பாருங்கள். சில நாட்களில் அது பொன்மஞ்சளாக மாறி, மூன்று பிளவாக வெடித்து, பூவைப்போல் விரியும். உள்ளே ஒவ்வொரு விதையையும் செக்கச் சிவந்த சதை உறை ஒன்று மூடியிருக்கும். தக்காளிக்குச் சிவப்பு நிறத்தைத் தரும் லைக்கோப்பீன் என்ற நிறமிதான் இதற்கும் நிறம் தருகிறது. அச்சதை கசப்பதில்லை, இனிக்கும்! பறவைகள் தொலைவிலிருந்தே அச்சிவப்பைக் கண்டு வந்து உண்கின்றன. விதைகளைப் பல இடங்களுக்குப் பரப்புகின்றன. கசப்பையும் இனிப்பையும் ஒரே கனியில் நேரமறிந்து பயன்படுத்தும் கொடி இது.

எனினும் கசப்பு எல்லாரையும் தடுத்துவிடுகிறதா? இல்லை. பழ ஈ என்னும் பூச்சி பாகல் பிஞ்சைத் துளைத்து முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் கசக்கும் சதையைச் சுவைத்துத் தின்று வளர்கின்றன. பாகல் பயிரிடும் விவசாயிகளுக்குப் பெருந்தொல்லை தருவது இதுவே. ஓர் உயிருக்குக் கசப்பாகவும் அச்சமாகவும் இருப்பது மற்றோர் உயிருக்கு உணவாகிறது. இதிலிருந்து நாம் தெரிந்து கொள்வது என்ன? கசப்பு என்பது பொருளில் மட்டும் இருப்பதன்று. அதைச் சுவைப்பவரிடமும் இருக்கிறது.

நாக்கில் நடப்பது

நாக்கின் சுவை மொட்டுகளில் சுவையை உணரும் செல்கள் உள்ளன. இச்செல்களின் மேற்பரப்பில் உள்ள சில புரதங்களைப் பூட்டுகள் என்றும், உணவின் மூலக்கூறுகளைச் சாவிகள் என்றும் வைத்துக் கொள்ளுங்கள். பொருந்தும் சாவி பூட்டில் நுழைந்ததும் மூளைக்குச் செய்தி போகிறது. இனிப்பை உணர முதன்மையாக ஒரே வகைப் பூட்டுத்தான் உண்டு. கசப்பை உணரவோ மனிதனுக்குச் சுமார் 25 வகைப் பூட்டுகள் இருக்கின்றன! ஏன் இத்தனை? தாவர நஞ்சுகளில் பல கசப்பானவை. அவை ஒன்றுக்கொன்று வேறுபட்ட அமைப்புடையவை. எந்தப் பக்கத்திலிருந்து நஞ்சு வந்தாலும் கண்டுபிடிக்க வாயிலிலேயே பல காவலாளிகள் நிற்கின்றனர். சிறு பிள்ளைகள் பாகற்காயைக் கண்டால் முகம் சுளிப்பது அடமன்று. உடலின் பழைய எச்சரிக்கை. அஞ்சத் தேவையில்லை என்பதைப் பழகப் பழகத்தான் நாக்கு கற்றுக் கொள்கிறது.

நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு, ஓரங்களில் புளிப்பு எனப் படம் போட்ட பழைய புத்தகங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அது தவறு. 1901இல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் சரியாகப் புரிந்து கொள்ளாததால் ஏற்பட்ட பிழை அது. பஞ்சு சுற்றிய குச்சியை ஒரு சொட்டுப் பாகற்காய்ச் சாற்றில் நனைத்து, நாக்கின் நுனியிலும் ஓரத்திலும் தொட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் கசப்புத் தெரியும்.

சமையலறையில் வேதியியல்

நம் வீட்டுப் பெண்மக்கள் கசப்பை ஆளும் கலையில் கைதேர்ந்தவர்கள். நறுக்கிய பாகற்காயில் உப்பைப் பிசறி வைத்து, சற்று நேரம் கழித்துப் பிழிந்துவிடுகிறார்கள். புளிக்குழம்பில் கடைசியாக ஒரு துண்டு வெல்லம் சேர்க்கிறார்கள். துவரம்பருப்பும் வறுத்தரைத்த தேங்காயும் கூட்டிப் பிட்லை செய்கிறார்கள். மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து வற்றல் போடுகிறார்கள். யாழ்ப்பாணத்துச் சமையலில் பொரித்த பாகற்காயோடு வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் சம்பலாக்குகிறார்கள். ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் முட்டையும் சோயாக் கட்டியும் சேர்த்து வதக்கி உண்கிறார்கள். கோயா சம்ப்புரு என்பது அதன் பெயர்.

உப்பு செய்யும் வேலை இரண்டு. முதலாவது, சவ்வூடு பரவல். வெளியே உப்பின் செறிவு மிகுதியாவதால் காயின் செல்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. பிழியும்போது அந்நீரோடு கசப்புப் பொருள்களும் ஓரளவு போய்விடுகின்றன. 100 கிராம் பாகற்காயில் ஏறத்தாழ 94 கிராம் நீரே என்பதால், பிழிய நிறைய இருக்கிறது! ஆனால் நீரில் கரையும் வைட்டமின் சி சத்தும் உடன் போகிறது என்பதை மறக்கக் கூடாது. இரண்டாவது வேலை நாக்கில் நடக்கிறது. உப்பிலுள்ள சோடியம் கசப்புச் செய்தியையே மட்டுப்படுத்துகிறது என்பதை 1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

வெல்லம் என்ன செய்கிறது? குழம்பிலுள்ள கசப்புப் பொருளை அது அழிப்பதில்லை. கசப்பும் இனிப்பும் ஒன்றாக வரும்போது ஒன்றின் உணர்வை மற்றொன்று அடக்குகிறது, அவ்வளவே. கசப்புப் பொருள் முழுவதும் குழம்பிலேயே இருக்கிறது. வெல்லமும் முழுவதும் அங்கேயே இருக்கிறது. இப்போது அந்த மாணவனின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. கசப்பும் இனிப்பும் ஒன்றையொன்று முறிப்பதாகத் தோன்றுவது நாக்கின் உணர்வில்தான். இரத்தத்திற்கு நாக்கு இல்லை. அங்கே நடப்பது முற்றிலும் வேறு கணக்கு.

இரத்தத்தில் ஒரு தேக்கரண்டி

ஒரு சிறிய கணக்குப் போடுவோம். நலமுள்ள மனிதர் ஒருவரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில், உண்ணாத நிலையில், சுமார் 90 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அவருடைய உடலில் 5 லிட்டர் இரத்தம் உண்டு என்று கொள்வோம். அப்படியானால் மொத்த இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் 4500 மில்லிகிராம், அதாவது நாலரை கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை! இவ்வளவு சிறிய அளவைக் கூடாமலும் குறையாமலும் உடல் நாள் முழுதும் காத்து வருவது வியப்பல்லவா?

இக்காவலில் தலைமை வகிப்பது இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் உள்ள கணையத்திலிருந்து இந்த ஹார்மோன் சுரக்கிறது. உணவுக்குப் பின் குளுக்கோஸ் மிகும்போது, அது தசை, கொழுப்புச் செல்களுக்குள் புக இன்சுலின் வழி திறக்கிறது. கல்லீரல் மேலும் குளுக்கோஸை வெளிவிடாமலும் தடுக்கிறது. முதல் வகை நீரிழிவில் இன்சுலினைச் சுரக்கும் செல்களே அழிந்துவிடுகின்றன. பெரியவர்களிடம் பெரிதும் காணப்படும் இரண்டாம் வகையில் இன்சுலின் இருந்தும் செல்கள் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. நாளடைவில் கணையமும் களைத்துவிடுகிறது. மிகுந்து நிற்கும் குளுக்கோஸ் பல ஆண்டுகளில் கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றைக் கெடுக்கிறது. தாத்தாவின் காற்புண் ஆறாததற்குக் காரணம் இப்போது விளங்குகிறதா?

இன்சுலின் இல்லாத காலத்தில் முதல் வகை நீரிழிவு வந்த பிள்ளைகள் மெலிந்து மெலிந்து இறந்தனர். 1922ஆம் ஆண்டு ஜனவரி மாதம், கனடாவின் டொரான்டோ நகரில், லெனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. அவனுக்கு வயது 14. உங்கள் வயதுதான். சாவின் வாசலில் இருந்தவன் பிழைத்து, மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். மருந்து என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பாகற்காயைச் சோதித்தவர்கள்

பாகற்காய்க்கு மருத்துவக் குணமே இல்லையா? அப்படிக் கூறுவதும் அவசரம். ஆய்வாளர்கள் அதை அலட்சியம் செய்யவில்லை. 1981இல் ஜெய்ப்பூர் ஆய்வாளர்கள் பாகலிலிருந்து 'பாலிபெப்டைடு பி' என்னும் சிறிய புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்து, அதை ஊசியாகச் செலுத்தியபோது இரத்தச் சர்க்கரை குறைந்ததாக அறிவித்தனர். 2008இல் ஷாங்காய், சிட்னி நகரங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பாகலின் கசப்புச் சேர்மங்களின் இனத்தைச் சேர்ந்த சில பொருள்கள், செல்லின் ஆற்றல் செலவைக் கண்காணிக்கும் ஏ.எம்.பி.கே. என்ற நொதியைத் தூண்டுவதைக் கண்டனர். எலிகளிடம் செய்த பல சோதனைகளிலும் பயன் தெரிந்தது.

ஆனால் இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். புரதம் ஒன்றை ஊசியாகப் போடுவதும் சாறாகக் குடிப்பதும் ஒன்றல்ல. குடித்தால் இரைப்பையும் குடலும் பருப்பைச் செரிப்பதுபோல் அதையும் செரித்துவிடும். இன்சுலினை மாத்திரையாகத் தராமல் ஊசியாகப் போடுவதன் காரணமும் இதுவே. மேலும், எலியில் கண்டது மனிதனிலும் நிகழும் என்று சோதிக்காமல் சொல்ல முடியாது.

சாறு குடித்த ஒருவருக்குச் சர்க்கரை குறைந்ததென்றே வைத்துக் கொள்வோம். அவர் அதே நாட்களில் காலை நடையும் தொடங்கியிருக்கலாம்; இனிப்புக் காப்பியை விட்டிருக்கலாம். குறைத்தது எது? உறை கட்டிய பூக்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றைத் தவிர மற்றவை சமமாக இருக்க வேண்டும். ஆகவே நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினருக்குப் பாகற்காய் மாத்திரையும், மற்றக் குழுவினருக்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரையோ தெரிந்த மருந்தோ கொடுத்து ஒப்பிடுகிறார்கள். யார் எதை உண்கிறார் என்பது சோதனை முடியும்வரை நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

2011இல் தாய்லாந்தில் வெளியான அத்தகைய ஆய்வொன்று 4 வாரம் நடந்தது. நாளொன்றுக்கு 2000 மில்லிகிராம் உலர்ந்த பாகற்காய்த் தூள் சர்க்கரையைச் சிறிதளவே குறைத்தது. 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் மாத்திரையைவிட அதன் பயன் குறைவு. 2012இல் காக்ரேன் என்னும் அமைப்பு அதுவரை முறையாக நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. தகுதி பெற்றவை நான்கே. கலந்து கொண்டவர்கள் 479 பேர். எந்த ஆய்வும் மூன்று மாதத்திற்கு மேல் நீடிக்கவில்லை. இரண்டாம் வகை நீரிழிவுக்குப் பாகற்காயைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

'சான்று இல்லை' என்பதும் 'பயன் இல்லை' என்பதும் வேறு வேறு. பயன் இருக்கலாம், இன்னும் நிலைநாட்டப்படவில்லை. நிலைநாட்டப்படாத ஒன்றை நம்பி, நிலைநாட்டப்பட்ட ஒன்றைக் கைவிடுவதுதான் தவறு.

ஒரு மூலிகை மாத்திரையான கதை

மெட்ஃபார்மின் மாத்திரையின் கதையும் ஒரு செடியில்தான் தொடங்குகிறது. ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியை அங்குள்ள மக்கள் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்படுத்தி வந்தனர். அவரைக் குடும்பத்துச் செடி அது. அதிலுள்ள கலேகின் என்ற பொருள் இரத்தச் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் நச்சுத்தன்மையும் இருந்ததால் கைவிடப்பட்டது. 1922இல் அதன் வேதி உறவினரான மெட்ஃபார்மின் அயர்லாந்தின் டப்ளின் நகரில் தயாரிக்கப்பட்டது. 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார். இன்று உலகெங்கும் பயன்படும் மருந்து அது.

ஆகவே மாத்திரை ஒரு பக்கம், மூலிகை எதிர்ப் பக்கம் என்று நினைக்க வேண்டியதில்லை. எந்தப் பொருள், எவ்வளவு, யாருக்கு, என்ன தீங்கு என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கண்ட மூலிகைப் பொருளே மருந்தாகிறது. பாகல் இன்னும் அத்தேர்வை எழுதிக் கொண்டிருக்கிறது. உங்களுள் ஒருவர் நாளை அதன் விடைத்தாளைத் திருத்தக்கூடும்!

இரண்டு எச்சரிக்கைகள்

நாட்டு மருந்து உண்ணும்போது பாகற்காயையும் அகத்திக்கீரையையும் விலக்கச் சொல்வது நம் ஊர் வழக்கம். 'மருந்தை முறித்துவிடும்' என்பார்கள். உணவும் மருந்தும் ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடக்கூடும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. 1979இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்த குறிப்பு ஒன்றும் இதையே நினைவூட்டுகிறது. பாகற்காய்க் கறி, குளோர்புரொப்பமைடு என்னும் நீரிழிவு மாத்திரையின் விளைவைக் கூட்டுகிறது என்பது அக்குறிப்பு. சர்க்கரை மிதமிஞ்சிக் குறைந்தாலும் மயக்கமும் வலிப்பும் வரும். ஆகவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாறாகவும் தூளாகவும் பாகற்காயைத் தொடர்ந்து உட்கொள்வதாயின், டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவுற்ற தாய்மார்கள் சாற்றையும் தூளையும் தவிர்ப்பது நல்லது.

மற்றோர் எச்சரிக்கை இன்னும் முக்கியமானது. கசந்தால் நல்லது என்ற நம்பிக்கை பாகலோடு நிற்பதில்லை, சுரைக்காய்க்கும் பரவிவிட்டது. நல்ல சுரைக்காய் கசக்காது. கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்னும் நச்சுப் பொருள்கள் மிகுந்திருக்கும். அதன் சாற்றைக் குடித்தவர்கள் இரத்த வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு, இரத்த அழுத்தம் தாழ்ந்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். நம் நாட்டில் இறந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வல்லுநர் குழு இதை ஆராய்ந்து, 2012இல் அறிக்கை வெளியிட்டது. சாறு எடுக்குமுன் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். கசந்தால் காயையே எறிந்துவிட வேண்டும் என்பது அதன் அறிவுரை. இதற்கு மாற்று மருந்து கிடையாது. பாகலும் சுரையும் ஒரே குடும்பம். கசப்புப் பொருள்களும் உறவினமே. ஆயினும் ஒன்று குழம்பாகிறது, மற்றொன்று உயிரைக் குடிக்கிறது. நாக்கு 'கசப்பு' என்று மட்டும் சொல்லும். எந்தக் கசப்பு என்று சொல்லாது.

விடை

அந்த மாணவன் ஒரு மாதம் கழித்து என்னிடம் வந்தான். மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்ததும் தாத்தாவே அதிர்ந்து போனாராம். மாத்திரை மீண்டும் தொடங்கியது. புண்ணுக்கும் நாள்தோறும் கட்டுப் போட்டார்கள். மெல்ல ஆறி வருகிறது. "பாகற்காயை விட்டுவிட்டாரா?" என்று கேட்டேன். "இல்லை ஐயா. சாறு குடிப்பதில்லை. ஆனால் வாரம் இரண்டு நாள் பாட்டி பிட்லை செய்கிறார். டாக்டரும் சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்" என்றான்.

அது சரியான முடிவு. 100 கிராம் பாகற்காயில் சுமார் 17 கலோரிதான் உண்டு. நார்ச்சத்தும் வைட்டமின் சி சத்தும் உள்ள, சர்க்கரையை ஏற்றாத நல்ல காய் அது. நீரிழிவு உள்ளவரின் தட்டில் அதற்கு உரிய இடம் உண்டு. அந்த இடம் குழம்புக் கிண்ணம். மாத்திரை டப்பா அன்று.

கசப்பு இனிப்பை முறிக்குமா? நாக்கில் ஓரளவு அடக்கும். இரத்தத்தில் கசப்பு என்ற ஒன்றே இல்லை; அங்கே பொருள்கள் இருக்கின்றன, அவற்றின் அளவு இருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ மாத்திரையை ஒதுக்கி வைத்துவிட்டு டம்ளரைக் கையில் எடுத்தால், கேலி செய்யாதீர்கள். அருகில் உட்கார்ந்து, உறை கட்டிய பூக்களின் கதையைச் சொல்லுங்கள். பிறகு அவரைக் கைப்பிடித்து டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

செய்து பாருங்கள்

1. பாகற்காயை ஒரே தடிமனான வில்லைகளாக நறுக்கி, 100 கிராம் வீதம் இரண்டு கிண்ணங்களில் இடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி உப்பைப் பிசறுங்கள். அரை மணி கழித்து இரண்டையும் ஒரே அளவு அழுத்தத்தோடு பிழிந்து, வெளிவந்த நீரை அளவுச் சாடியில் அளந்து எழுதுங்கள். உப்பிடாத கிண்ணம் எதற்கு என்பதையும் எழுதுங்கள்.

2. ஒரு பாகற்கொடியில் ஏழு நாட்களுக்குக் காலையில் மலரும் ஆண் பூக்களையும் பெண் பூக்களையும் தனித்தனியே எண்ணி அட்டவணையிடுங்கள். ஒரு பெண் பூவுக்கு எத்தனை ஆண் பூக்கள் எனக் கணக்கிடுங்கள்.

3. ஒரு காயைப் பறிக்காமல் பழுக்கவிட்டு, வெடித்தபின் எந்தப் பறவை, எந்த நேரத்தில் வருகிறது என்று சற்று விலகி நின்று கவனியுங்கள். விதையை விழுங்குகிறதா, சதையை மட்டும் கொத்துகிறதா என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள்.